மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு மின்னிலக்கச் சின்னங்கள்

பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளில் மாணவரின் அடைவுநிலை 1 முதல் 6 வரை பதிவாகிறது என்றாலும், அந்த எண் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அடுத்து எதைக் கற்க வேண்டும் என்று சொல்வதில்லை; ஆகவே, கற்ற திறனுக்கு அடையாளமாக வழங்கும் சிறு படமான மின்னிலக்கச் சின்னம் ஒவ்வொன்றையும் ஒரேயொரு திறனுக்கு மட்டும் வரையறுங்கள். லகர ளகர ழகரச் சின்னத்துக்கு, ‘வாலை’, ‘வாளை’, ‘வாழை’ உள்ளிட்ட பத்துச் சொற்களை, சொல்வதைக் கேட்டு, வெவ்வேறு இரண்டு நாள்களில் பிழையின்றி எழுத வேண்டும் என்று வைக்கலாம். இரண்டாவது நாள்தான் முக்கியம். முதல் நாள் வெற்றி பெரும்பாலும் சற்றுமுன் படித்ததன் நினைவே. தவறியவர் எத்தனை முறையும் முயலலாம். கான்வா என்னும் வடிவமைப்புச் செயலியில் வரைந்த சின்னத்தோடு மாணவர் எழுதிய தாளின் படத்தையும் சேர்த்துப் பெற்றோரின் வாட்ஸ்அப்புக்குத் தனியாக அனுப்புங்கள். வகுப்புக் குழுவில் போட்டால் அது தரவரிசைப் பட்டியலாகிவிடும். வருகைக்குச் சின்னம் வழங்குவதை நான் நிறுத்திவிட்டேன். வருகைச் சின்னம் வந்தபின், உழைத்துப் பெற்ற சின்னத்தைப் பிள்ளைகள் பொருட்படுத்தவில்லை.