பெரிய சூப்பர்மார்க்கெட் வருவதற்குள் சிறுகடையில் போட வேண்டிய கணக்குகள்

‘விரைவில்’ என்று பலகை வைத்த நாளிலிருந்து கடை திறக்கும் நாள்வரை கிடைக்கும் மாதங்கள்தான் சிறுகடைக்காரருக்கு உண்மையான அவகாசம். திறந்த பிறகு எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் பதற்றத்தில் எடுப்பவை. எல்லாப் பொருளின் விலையையும் ஒரேயடியாகக் குறைப்பது அவற்றில் மிக மோசமானது.

ஒரு பொருளின் அடக்கம் 80, விற்பது 100 என்று வையுங்கள். லாபம் 20. விலையை 95 ஆக்கினால் லாபம் 15. பழைய லாபம் வர மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விற்க வேண்டும். 90 ஆக்கினால் இரு மடங்கு விற்க வேண்டும். புதிதாகப் பெரிய கடை வந்திருக்கும் ஊரில் அது நடக்காது. (80க்கு வாங்கி 100க்கு விற்பது அடக்கத்தின் மேல் 25 சதவீதம், விற்பனையின் மேல் 20 சதவீதம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் கீழே வரும் கணக்குகள் எல்லாமே தப்பும்.)

பெரிய கடை எல்லாவற்றையும் மலிவாக விற்பதில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். மக்கள் விலையை மனதில் வைத்திருக்கும் சில பொருள்களை அடக்க விலைக்கோ அதற்கும் கீழோ போட்டு, மற்றவற்றில் சம்பாதிக்கும். எனவே கடந்த 12 வார விற்பனைப் பில்களை எடுத்து, சரக்கை மூன்றாகப் பிரியுங்கள்: ஒன்று, அவர்களிடமும் இருக்கும், விலையும் எல்லாருக்கும் தெரியும்; இரண்டு, அவர்களிடம் இருக்கும், ஆனால் விலை யாருக்கும் நினைவிருக்காது; மூன்று, அவர்களிடம் இருக்காது. ஒவ்வொரு பிரிவும் மொத்த லாபத்தில் எவ்வளவு தருகிறது என்று கூட்டிப் பாருங்கள். விற்பனைத் தொகையைப் பார்த்தால் போதாது. அதிகம் விற்பது முதல் பிரிவாகவும், அதிகம் சம்பாதித்துத் தருவது மற்ற இரண்டாகவும் இருப்பது சாதாரணம்.

அந்த நிறுவனத்துக்குப் பக்கத்து ஊரில் கிளை இருந்தால், போய் 40 பொருள்களின் விலையைக் குறித்து வாருங்கள். சலுகை நாள் ஒன்று, சாதாரண நாள் ஒன்று என இருமுறை. பாக்கெட் விலையை ஒப்பிடாதீர்கள். 100 கிராமுக்கு எவ்வளவு, லிட்டருக்கு எவ்வளவு என்று மாற்றுங்கள். பெரிய கடைகளுக்கென்றே தனி அளவில் பாக்கெட் போடுவது உண்டு. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், எடை குறைவாக இருக்கும்.

இதன்பின் விலை முடிவு எளிது. முதல் பிரிவில் 10, 15 பொருள்களுக்கு மட்டும் அவர்கள் விலையை ஒட்டி வையுங்கள். அவர்கள் விற்கும் விலையே உங்கள் கொள்முதல் விலைக்குக் கீழே இருந்தால் போட்டிக்கு நிற்க வேண்டாம். அந்தப் பொருளைக் குறைந்த இருப்பில் வையுங்கள், அது இல்லையே என்று ஆள் திரும்பிப் போகாதபடி. மற்ற இரண்டு பிரிவுகளின் விலையில் கை வைக்காதீர்கள்.

அடுத்தது இருப்பு. 100க்கு வாங்கியதில் 25 லாபம் தந்து வருடத்தில் 4 முறை விற்றுப் பணமாகித் திரும்பும் சரக்கு, போட்ட பணத்துக்கு வருடத்துக்கு 100 தருகிறது. 10 மட்டுமே தந்து 24 முறை திரும்புவது 240 தருகிறது. லாப விகிதத்தை மட்டும் பார்த்து அடுக்கிவைக்கும் கடைகளில் பணம் தூசி படிந்து கிடக்கும். திரும்பாத சரக்கைப் பெரிய கடை திறக்கும் முன்பே தள்ளிவிடுங்கள். திறந்த பிறகு அதே தள்ளுபடி யார் கண்ணிலும் படாது.

பலர் கவனிக்கத் தவறுவது கடன் பாக்கி. பெரிய கடை வந்ததும், உங்களிடம் பாக்கி வைத்தவர் உங்கள் வாசலைத் தவிர்த்துவிட்டு ரொக்கத்தோடு அங்கே போவார். பாக்கியும் வராது, வாடிக்கையும் போகும். ஆகவே திறப்புக்கு முன்பே வசூலியுங்கள். முழுதாக முடியாதவருக்குத் தவணை எழுதிக்கொள்ளுங்கள். புதுக் கடனுக்கு ஆளுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். கடன் கொடுப்பதையே நிறுத்திவிடுவதும் தவறு. முகம் பார்த்துக் கடன் தருவது பெரிய கடையால் செய்ய முடியாத காரியம்.

விற்பனை குறைந்தால் அதிகம் வாங்குவதற்காக மொத்த வியாபாரி தரும் தள்ளுபடியும் போய்விடும். அடி இரண்டு பக்கமும் விழும். இதற்கு மருந்து கூட்டுக் கொள்முதல்தான். அமெரிக்காவின் ஐ.ஜி.ஏ. 1926-லும் நெதர்லாந்தின் ஸ்பார் 1932-லும் தனிக்கடைக்காரர்களைச் சேர்த்துத் தொடங்கிய கூட்டமைப்புகள்தான். ஐந்தாறு கடைகள் சேர்ந்தாலே பலன் தெரியும். ஆனால் சரக்கு வருமுன் எல்லாரும் பணம் கட்டிவிட வேண்டும் என்ற விதி இல்லாத கூட்டு நிலைக்காது. ஒருவர் பணத்தில் மற்றவர் வாங்கும் நிலை வந்ததும் உடையும். முதலில் கெட்டுப்போகாத, ஒரே பிராண்டில் எல்லாரும் விற்கும் நாலைந்து பொருள்களோடு தொடங்குங்கள்.

எங்கிருந்து எவ்வளவு கூட்டம் போகும் என்று கணிக்க அமெரிக்கரான வில்லியம் ரெய்லி 1931-இல் வெளியிட்ட, ஊர்களின் வணிக ஈர்ப்பு பற்றிய விதி உதவும். 90,000 பேர் உள்ள ஊரும் 10,000 பேர் உள்ள ஊரும் 30 கி.மீ. தள்ளி இருக்கின்றன என்றால், மக்கள்தொகை விகிதமான 9-இன் வர்க்கமூலம் 3. ஒன்று கூட்டி 4. 30-ஐ 4-ஆல் வகுத்தால் 7.5. சின்ன ஊரின் இழுப்பு 7.5 கி.மீ. வரைதான். சாலையும் பேருந்தும் இதை மாற்றும், ஆனாலும் விளம்பரச் செலவை எந்தக் கிராமத்தோடு நிறுத்தலாம் என்று இது சொல்லும்.

கடை உங்கள் ஊரிலேயே வருகிறதா, பக்கத்து ஊரிலா என்பதும் முக்கியம். அமெரிக்காவின் அயோவா மாநிலச் சிற்றூர்களில் வால்மார்ட் என்ற பெருங்கடையின் தாக்கத்தை ஆராய்ந்த பொருளாதாரப் பேராசிரியர் கென்னத் ஸ்டோன், அது திறந்த ஊரில் அதே சரக்கை விற்ற கடைகள் இழந்ததையும், அது விற்காததை விற்றவர்கள் கூடிய கூட்டத்தால் பயனடைந்ததையும், சுற்றியிருந்த சிறிய ஊர்கள் இழந்ததையும் கண்டார். உள்ளூரில் வந்தால் அந்தக் கூட்டத்தைக் கடைத்தெருவுக்கு நடக்கவைப்பதே வேலை. வணிகர் சங்கம் அனுமதிக் கட்டத்திலேயே சிலவற்றைக் கேட்க வேண்டும்: கடைத்தெருவை நோக்கி ஒரு நடைவாசல், அவர்கள் வாகன நிறுத்தத்தை மற்ற கடைக்கு வருபவரும் பயன்படுத்தும் உரிமை, சரக்கு லாரிகளுக்கு நேரக் கட்டுப்பாடு. முழுக்கத் தடுப்பதில் பலத்தைச் செலவிட வேண்டாம். பிரான்ஸ் 1973-இலேயே, 40,000 பேருக்குக் குறைவான ஊர்களில் 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைக்குத் தனி அனுமதி வேண்டும் என்று சட்டம் போட்டது. பெருங்கடைகள் அதன் பிறகும் பெருகத்தான் செய்தன.

திறந்த பிறகு வாரந்தோறும் இரண்டு எண்களைத் தனித்தனியே எழுதுங்கள்: பில்களின் எண்ணிக்கை, சராசரி பில் தொகை. போன வருடத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள், போன மாதத்தோடு அல்ல. எண்ணிக்கை மாறாமல் தொகை குறைந்தால், மாதச் சாமான் அங்கே, விட்டுப்போனது உங்களிடம் என்று பொருள். சிறு பாக்கெட், அதிகாலை, பின்னிரவு நேரம், வீட்டுக்கே அனுப்புவது ஆகியவை இங்கே பலன் தரும். எண்ணிக்கையே குறைந்தால் ஆள்நடமாட்டம் மாறிவிட்டது; அலமாரியை மாற்றியடுக்கிப் பயனில்லை.

கூடவே கட்டாயச் செலவை, விற்பனையின் மேல் வரும் லாப விகிதத்தால் வகுத்து வையுங்கள். மாத வாடகை, சம்பளம், மின்சாரம் 60,000, லாப விகிதம் 20 சதவீதம் என்றால் 3,00,000 விற்றாக வேண்டும். விகிதம் 18 ஆனால் 3,33,000-க்கு மேல். தொடர்ந்து ஆறு மாதம் இந்த அளவுக்குக் கீழே போனால், வட்டிக்கு வாங்கி நிரப்பாமல் இடத்தைப் பாதியாக்கி வாடகையைக் குறையுங்கள். குத்தகை புதுப்பிக்கும் தேதி கடை திறந்து ஆறு மாதத்துக்குள் வருமானால், நீண்ட ஒப்பந்தத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள்.