சவ்சவ் கூட்டை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் வீடு. கொல்லைப் பந்தலில் சவ்சவ் காய்த்துத் தொங்கும். ஒரு நாள் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்து, படமெடுத்து, இணையத்தில் 'டுடே ஐ டிட் சவ்சவ்' என்று போட்டுவிட்டேன். கனடாவிலிருந்து ஒரு அம்மா, "அது நாய் இல்லையே?" என்று பதறிப்போய்க் கேட்டார். அந்த ஊர்க்காரர்களுக்கு சவ்சவ் என்றால் புசுபுசுவென்று முடி வளர்ந்த ஒரு நாய் இனம்!

அன்று பட்ட வெட்கத்தில் கற்றுக்கொண்டதுதான் இது. வாக்கியங்களைக் காதில் விழுகிறபடியே எழுதியிருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

முதல் படி, காய்க்குச் சரியான பெயர். சவ்சவ்வுக்கு 'சாயோட்டி' என்றால் வெளிநாட்டில் புரியும். கத்தரிக்காயை நாம் பிரிஞ்சால் என்போம். லண்டனில் 'ஓபர்ஜீன்', அமெரிக்காவில் 'எக்பிளான்ட்'. வெண்டைக்காய் 'ஓக்ரா'. கொத்தமல்லித் தழை அமெரிக்கர்களுக்கு 'சிலான்ட்ரோ'. கூட்டு, பொரியல், ரசம் என்ற பெயர்களை மாற்ற வேண்டாம். பக்கத்தில் ஒரு வரி விளக்கம் போதும்.

இரண்டாவது, 'செய்தேன்' என்பதை 'ஐ டிட்' என்று எழுதாதீர்கள். சமையலுக்கு 'ஐ மேட்'. அதன்படி என் பழைய வரியைத் திருத்தினால்: 'ஐ மேட் சாயோட்டி கூட்டு, எ மைல்ட் லென்டில் ஸ்டூ, ஃபார் லஞ்ச்.' எங்கிருந்து வந்தது என்று ஒரு துளி சேர்த்தால் இன்னும் அழகு: 'வித் கார்லிக் ஃப்ரம் அவர் ஹில்ஸ்.' நம் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, சொல்லிக்கொள்வதில் என்ன கூச்சம்?

காரத்துக்கு 'ஹாட்' போட்டால் சூடு என்றும் எடுத்துக்கொள்வார்கள். காரம் என்றால் 'ஸ்பைசி' போடலாம். ஆனால் மசாலா தூக்கலாக இருந்தாலும் அதே சொல்தான். ஒரு சொல்லுக்கு இத்தனை வேலை!

மூன்றாவதில்தான் பலரும் வழுக்குவது: அடுத்தவர் சமையலைப் பாராட்டுவது. படத்தைத்தான் பார்க்கிறோம், ருசிக்கவில்லை. அதனால் 'இட் டேஸ்ட்ஸ் குட்' சரிவராது, 'இட் லுக்ஸ் டெலிஷியஸ்' என்க வேண்டும். நேரில் சாப்பிட்டிருந்தால் 'இட் டேஸ்ட்ஸ் கிரேட்'. 'இட் இஸ் டேஸ்டிங்' வேண்டாம். வாசனையைப் புகழும்போது ரொம்பக் கவனம். 'இட் ஸ்மெல்ஸ்' என்று பாதியில் நிறுத்தினால் நாறுகிறது என்று பொருள்; 'இட் ஸ்மெல்ஸ் ஒண்டர்ஃபுல்' என்று முடித்தே ஆக வேண்டும்.

'டெலிஷியஸ்' முன்னால் 'வெரி' ஒட்டாது, 'அப்ஸல்யூட்லி' ஒட்டும். 'யம்மி' குழந்தைத்தனம் என்பது என் கட்சி. என் மகள் ஒத்துக்கொள்ள மாட்டாள். எல்லாவற்றுக்கும் 'சூப்பர்' போடுவதைவிட கண்ணில் பட்ட ஒன்றைச் சொல்லுங்கள். தோசைப் படமா? 'தோஸ் எட்ஜஸ் லுக் ஸோ கிரிஸ்ப்பி!' ஓரம் முறுகியதைக் கவனித்திருக்கிறாரே என்று சுட்டவருக்குக் குளிர்ந்துவிடும். ரசமா? 'ஐ லவ் த கலர்.' அப்புறம், 'ஹோம்லி ஃபுட்' என்று அமெரிக்கரிடம் சொல்லிவிடாதீர்கள். அங்கே ஹோம்லி என்றால் அழகில்லாத என்று பொருள். 'ஹோம்-குக்ட்' பத்திரம்.

செய்முறை கேட்கும்போது, தமிழில் 'அனுப்புங்க' என்றால் அந்த 'ங்க'விலேயே மரியாதை வந்துவிடும். இங்கிலீஷில் அப்படியொரு விகுதி இல்லை. 'சென்ட் ரெசிப்பி' அதட்டல் போல விழும். 'குட் யூ ஷேர் த ரெசிப்பி, ப்ளீஸ்?' என்று கேளுங்கள். ரெசிப்பி வேறு, ரிசீட் வேறு. ரிசீட் கடை ரசீது.

உங்களைப் பாராட்டினால் 'ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லை' என்று மறுக்காமல் 'தேங்க் யூ, ஐம் ஸோ கிளாட் யூ லைக் இட்' என்றால் போதும். 'ஒரு நாள் சாப்பிட வாங்க' என்பதை 'கம் அண்ட் ஈட்' என்று மாற்றினால் நிஜ அழைப்பு என்று நினைத்துத் தேதி கேட்பார்கள். 'ஐ விஷ் யூ குட் ட்ரை இட்' போடுங்கள். கனடா அம்மாவுக்கு அதைத்தான் போட்டேன். அவர் தேதி கேட்கவில்லை, சாயோட்டி விதை கிடைக்குமா என்று கேட்டார். விதை தனியாக இல்லை, முழுக் காயையே நட வேண்டும் என்று இங்கிலீஷில் எழுத அரை மணி நேரம் ஆயிற்று.