"இதில் கிட்டார் எங்கே, மாமா?"

என் அக்கா மகன் மூன்று ஆண்டுகளாகக் கிட்டார் கற்கிறான். விடுமுறைக்கு வந்திருந்தபோது எனக்கு மிகவும் பிடித்த இசைக்குழுவை அவனுக்கு அறிமுகப்படுத்த நினைத்து, ஜென்டில் ஜயன்ட் குழுவின் 'ஃப்ரீ ஹேண்ட்' தட்டை ஓடவிட்டேன். முதல் பாட்டு முடியும்வரை தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். முடிந்ததும் நிமிர்ந்து, "இதில் கிட்டார் எங்கே, மாமா?" என்றான்.

நியாயமான கேள்வி. அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அவன் ஊருக்குப் போன பிறகு நான்கைந்து மாலைகள் உட்கார்ந்து இதை எழுதினேன். இந்தக் குழுவைக் கேட்டுப் பார்த்து, தலை சுற்றுகிறது என்று விட்டுவிட்ட வேறு யாருக்கும் இது பயன்படலாம்.

முதலில் அவர்கள் யார் என்று சுருக்கமாக. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் வளர்ந்த ஃபில், டெரெக், ரே என்ற மூன்று ஷுல்மன் சகோதரர்கள் 1960களில் 'சைமன் டூப்ரீ அண்ட் த பிக் சவுண்ட்' என்ற பெயரில் பாப் இசை வாசித்தார்கள். 1967இல் 'கைட்ஸ்' என்ற பாட்டு பிரிட்டனில் முதல் பத்துக்குள் வந்தது. அந்த வெற்றியே அவர்களுக்குக் கசந்தது. அந்தக் குழுவைக் கலைத்துவிட்டு 1970இல் ஜென்டில் ஜயன்ட்டைத் தொடங்கினார்கள். லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் இசையமைப்பு படித்த கெர்ரி மின்னியர் விசைப்பலகைகளுக்கு வந்தார். அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ப்ளூஸ் இசையை வாசித்துக்கொண்டிருந்த கேரி கிரீன் கிட்டாருக்கு வந்தார். 1980இல் கலையும்வரை பதினோரு ஸ்டுடியோ ஆல்பங்கள். யெஸ், ஜெனிசிஸ் போன்ற அதே காலத்துக் குழுக்கள் அரங்குகளை நிரப்பியபோது, இவர்களுடைய பெயர் பெரும்பாலும் இசைக்கலைஞர்களிடையே மட்டும் புழங்கியது. இரண்டாவது ஆல்பத்தின் அட்டையிலேயே, மக்களுக்குப் பிடிக்காமல் போனாலும் பரவாயில்லை, பாப் இசையின் எல்லையை விரிப்பதே நோக்கம் என்று எழுதி வைத்தவர்கள் அவர்கள். அந்தச் சொல்லைக் கடைசிவரை காப்பாற்றவில்லை என்றாலும், முதல் ஏழு ஆண்டுகள் காப்பாற்றினார்கள். எனக்கு அது போதும்.

இனி அவனுடைய கேள்விக்கு வருகிறேன். ரிஃப் என்றால் திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்தொடர். பெரும்பாலான ராக் பாட்டுகளில் அது கிட்டாருக்குச் சொந்தம். மற்றவர்கள் அதற்குத் துணை நிற்பார்கள். ஜென்டில் ஜயன்ட்டில் ரிஃப் குழு முழுவதற்கும் சொந்தம். கிட்டாரிடம் அதில் ஐந்து சுரங்கள் இருக்கும். அடுத்த மூன்று விசைப்பலகையிடம். நடுவில் விட்ட இடைவெளியில் பேஸ் கிட்டார் ஒன்றைப் போடும். தனியாகக் கேட்டால் பாதி வாக்கியம்போல் இருக்கும். சேர்த்துக் கேட்டால்தான் பொருள். ஐரோப்பிய இடைக்காலத் தேவாலய இசையில் இப்படி ஒரு மெட்டைச் சுரம் சுரமாகப் பிரித்துப் பலர் பாடும் முறை இருந்தது. அதன் பெயர் ஹாக்கெட். விக்கலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லோடு உறவுடைய பெயர். பொருத்தமான பெயர்தான். ஒருவர் விக்கி நிறுத்திய இடத்தில் மற்றவர் தொடங்குகிறார்.

ஆகவே கேட்கத் தொடங்கும்போது ஒரு முடிவு எடுத்துக்கொள்ள வேண்டும்: முழுவதையும் ஒரே நேரத்தில் பிடிக்க முயல்வதில்லை என்று.

நான் செய்தது இது. இயர்போனில் வலது பக்கத்தை மட்டும் மாட்டிக்கொண்டு பாட்டின் முதல் ஒரு நிமிடத்தைக் கேட்பேன். பிறகு இடது பக்கம். அக்காலப் பதிவுகளில் கருவிகளை ஸ்டீரியோவின் இரண்டு பக்கங்களுக்குத் தாராளமாகப் பிரித்து வைப்பார்கள். ஒரு பக்கத்தை மூடினால் ஒரு கருவி பின்வாங்கி இன்னொன்று முன்னால் வரும். மூன்றாவது முறை இரண்டையும் மாட்டிக்கொண்டு, முன்பு தனியாகக் கேட்ட ஒரு கருவியை மட்டும் பின்தொடர வேண்டும். கூட்டத்தில் தெரிந்த ஒருவரின் சட்டை நிறத்தைப் பார்த்துக்கொண்டே போவதைப் போல. ஒரு நிமிட இசைக்கு இப்படிப் பதினைந்து நிமிடம் ஆகும். அவசரமே வேண்டாம். ஒரு மாலைக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மாதத்தில் ஓர் ஆல்பத்தின் முக்கால் பங்கு கைக்கு வந்துவிடும்.

எந்தப் பதிப்பைக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். பிரிட்டிஷ் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன், கருவிகளைத் தனித்தனியாகப் பதிந்த பழைய பல தட நாடாக்களிலிருந்து மறுகலவை (ரீமிக்ஸ்) செய்த பதிப்புகள் கிடைக்கின்றன: 'த பவர் அண்ட் த க்ளோரி' 2014இல், 'ஆக்டோபஸ்' 2015இல், 'ஃப்ரீ ஹேண்ட்' 2021இல். இவற்றில் கிட்டாரின் ஓரங்கள் தெளிவாக இருக்கின்றன. பழைய பதிப்பின் வெதுவெதுப்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் கற்றுக்கொள்ள மறுகலவைதான் நல்லது.

அடுத்து எண்ணிக்கை. இங்கேதான் பலர் பயந்து பின்வாங்குகிறார்கள். என் அக்கா பள்ளி நாள்களில் மிருதங்கம் கற்றவள். அவள் சாதகம் செய்வதைக் கேட்டு வளர்ந்ததால் சொற்கட்டுகள் எனக்கும் வாயில் நிற்கும். அவள் மகனுக்கும் நிற்கும். இந்தக் குழு இந்திய இசையிலிருந்து எடுத்தது என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுடைய வேர்கள் மறுமலர்ச்சிக்கால ஐரோப்பிய இசையிலும் ஜாஸிலும் ப்ளூஸிலும் சோல் இசையிலும் இருக்கின்றன. ஆனால் எண்ணுவதற்கு நம்மிடம் நல்ல கருவி இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்? மூன்றுக்குத் தகிட. நான்குக்குத் தகதிமி. ஐந்துக்குத் தகதகிட. ஏழுக்குத் தகிட தகதிமி.

பழகுவதற்குப் பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' பாட்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் பேஸ் ரிஃப் ஏழு எண்ணிக்கை. எல்லோர் காதிலும் ஏற்கெனவே விழுந்திருக்கும். ஏழு சொல்லிக்கொண்டே கேட்டால் பத்துச் சுற்றில் உடம்பு ஏற்றுக்கொள்ளும். பிறகு ஜென்டில் ஜயன்ட்டுக்கு வரலாம்.

அங்கே ஒரு விதி. ரிஃப் எங்கே முடிகிறது என்று தேடக் கூடாது. எங்கே மறுபடி தொடங்குகிறது என்று தேட வேண்டும். முடிவை இவர்கள் மறைப்பார்கள், தொடக்கத்தை மறைக்க முடியாது. தொடக்கச் சுரம் வரும் ஒவ்வொரு முறையும் மேசையில் ஒரு தட்டு. இரண்டு தட்டுகளுக்கு நடுவே எத்தனை துடிப்பு என்று எண்ணினால் சுற்றின் நீளம் கிடைத்துவிடும். சில சமயம் கிட்டாருக்கு ஒரு நீளமும் குரலுக்கு வேறு நீளமும் கிடைக்கும். அப்போது தவறாக எண்ணிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

இதை உடம்பால் உணர ஒரு சிறு பயிற்சி. வலது கையால் தகதிமியின் முதல் அடியை மட்டும் மேசையில் தட்ட வேண்டும். இடது கையால் அதே வேகத்தில் தகிடவின் முதல் அடியை மட்டும். தொடக்கத்தில் இரண்டு கைகளும் சேர்ந்து விழும், பிறகு பிரிந்து போகும், பன்னிரண்டு துடிப்புக்குப் பிறகு மீண்டும் சேர்ந்து விழும். ஏழும் நான்கும் என்றால் இருபத்தெட்டில் சேரும். அந்தச் சேரும் கணத்துக்காகத்தான் நான் இவர்களைக் கேட்கிறேன். ஐந்து பேர் ஐந்து தெருவில் போய்விட்டு ஒரே வாசலில் ஒரே நொடியில் வந்து நிற்பதைப் போன்றது அது. 'த பவர் அண்ட் த க்ளோரி'யில் 'காக்ஸ் இன் காக்ஸ்' என்ற பாட்டுக்குப் பற்சக்கரத்துக்குள் பற்சக்கரம் என்ற பெயர் சும்மா வரவில்லை.

இனி எந்தப் பாட்டில் தொடங்குவது? பட்டியல் போட எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒரு வழி உண்டு.

குரலிலிருந்து தொடங்குங்கள். 'ஃப்ரீ ஹேண்ட்' ஆல்பத்தின் 'ஆன் ரிஃப்ளெக்ஷன்' நான்கு குரல்களில் தொடங்குகிறது. ஒருவர் ஒரு மெட்டைப் பாடுவார். அவர் முடிக்கும் முன்பே அடுத்தவர் அதே மெட்டுடன் நுழைவார். பிறகு மூன்றாமவர், நான்காமவர். ஃப்யூக் என்று ஐரோப்பிய மரபு சொல்லும் வடிவம் இது. மனிதக் குரலைப் பின்தொடர்வது கருவியைப் பின்தொடர்வதைவிட எளிது, அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன். பாட்டின் பின்பகுதியில் அதே மெட்டைக் கருவிகள் எடுத்துக்கொள்ளும். முன்பு குரலாகக் கேட்ட இழை இப்போது கிட்டாராக வரும். "கிட்டார் எங்கே" என்ற கேள்விக்கு முதல் பதில் அங்கே இருக்கிறது.

அடுத்து 'த பவர் அண்ட் த க்ளோரி' (1974). இந்த ஆல்பம் அதிகாரம் ஒருவனை என்ன செய்கிறது என்பதைப் பற்றியது. முதல் பாட்டு 'ப்ரொக்ளமேஷன்'. கடைசிப் பாட்டு 'வேலடிக்டரி'. இடையில் உள்ளவற்றை விட்டுவிட்டு இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவதில் மின்னியரின் விசைப்பலகை துள்ளித் துள்ளி நடக்கிறது, கிட்டார் அடக்கமாக இருக்கிறது. கடைசிப் பாட்டில் அதே பொருள் திரும்பி வருகிறது, ஆனால் கனத்துப்போய், கிட்டார் உரக்க முன்னால் நின்று. வாக்குறுதி கொடுத்தவன் பதவியில் என்னவாக ஆனான் என்பதை ரிஃப்பே சொல்லிவிடுகிறது. இதை முதல் முறை உணர்ந்த இரவு நான் வெகுநேரம் தூங்கவில்லை. 2023இல் அமெரிக்க ராப் பாடகர் டிராவிஸ் ஸ்காட்டின் 'யுடோபியா' ஆல்பத்தின் முதல் பாட்டு இதே 'ப்ரொக்ளமேஷ'னின் குரலை எடுத்துக்கொண்டு தொடங்கியது. நாற்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு கோடிக்கணக்கான காதுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதம்தான் ரே ஷுல்மன் காலமாகியிருந்தார்.

மூன்றாவது, கிட்டார் தன் சொந்தக் குரலில் பேசுவதைக் கேட்க வேண்டும் என்றால் 'த்ரீ ஃப்ரெண்ட்ஸ்' (1972) ஆல்பத்தின் 'பீல் த பெயின்ட்'. மெல்ல, தந்திக் கருவிகளோடு தொடங்கும். பிறகு கதவை உடைத்துக்கொண்டு ரிஃப் நுழையும். அதற்குப் பிறகு கேரி கிரீன் எதிரொலியோடு நீளமாக வாசிக்கிறார், பின்னால் மால்கம் மோர்ட்டிமோரின் டிரம்ஸ். படித்த இசையமைப்பாளர்கள் நிறைந்த குழுவில் ஒரு ப்ளூஸ்காரர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது இங்கே விளங்கும். மின்னியர் எழுதும் கோடுகள் கணக்குச் சுத்தமானவை. அவற்றுக்குள் வியர்வையைக் கொண்டுவந்தது கிரீனின் விரல்கள். சுரத்தை இழுத்து வளைப்பது, ஒன்றை வேண்டுமென்றே சற்றுத் தாமதமாக விடுவது என்று அவர் செய்வதை இங்கே கேட்டுவிட்டால், பிற பாட்டுகளில் மூன்று சுரம் மட்டும் வாசிக்கும்போதும் அவர் கை தெரிந்துவிடும்.

'ஜஸ்ட் த சேம்' பாட்டை, அவன் தலைகுனிந்து கேட்ட அந்த முதல் பாட்டை, நான்காவதாக வைத்திருக்க வேண்டும். விரல் சொடுக்கும் ஒலியில் தொடங்குகிறது. அந்தச் சொடுக்கைத் தாளமாக எடுத்துக்கொள்ளாமல், அதையும் ஒரு கருவியாக, ஓர் இழையாகக் கேளுங்கள். அவனிடம் இதை முதலில் போட்டது என் பிழை.

'நாட்ஸ்' என்ற பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மனநல மருத்துவர் ஆர். டி. லேங்கின் அதே பெயருள்ள நூலிலிருந்து எழுந்த பாட்டு. குரல்கள் பின்னிப் பிணைந்து முடிச்சாகவே நிற்கும். மிக அழகானது. தொடக்கக்காரர்கள் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

காதுக்கு இவ்வளவு செய்த பிறகு கண்ணுக்கும் வேலை உண்டு. 1974இல் பிரஸ்ஸல்ஸில் ஜெர்மானியத் தொலைக்காட்சிக்காகப் படமாக்கிய நிகழ்ச்சி 'ஜயன்ட் ஆன் த பாக்ஸ்' என்ற டிவிடியில் இருக்கிறது. ஐந்து பேர் எத்தனை கருவிகளை மாற்றி மாற்றி எடுக்கிறார்கள் என்று பாருங்கள். மின்னியர் விசைப்பலகையிலிருந்து எழுந்து செல்லோவுக்கோ வைப்ரபோனுக்கோ போகிறார். பேஸ் வாசித்த ரே வயலினை எடுக்கிறார். இந்தக் குழுவில் யாரும் ஒரு கருவிக்குக் காவல் நிற்கவில்லை. அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் ரிஃப் ஏன் கை மாறிக்கொண்டே இருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

கிட்டார் வாசிப்பவர்களுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம். ரிஃப்பை முழுவதும் கற்காதீர்கள். ஒரு சுற்றில் உங்கள் பங்கு எவ்வளவோ அதை மட்டும். பதிவை பாதி வேகத்துக்குக் குறைத்து, நான்கு சுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்களைவிட நடுவில் உள்ள மௌனங்கள்தான் கடினம். வாசிக்காத துடிப்புகளில் வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகள்மேல் வைத்து ஒலியை முழுவதுமாக அடக்க வேண்டும்; இல்லையென்றால் அடுத்தவருடைய சுரத்தின் இடத்தை நீங்கள் அடைத்துக்கொள்கிறீர்கள். வாயால் சொற்கட்டு, கையால் தந்தி. டிஸ்டார்ஷனைத் திறக்கவே வேண்டாம். சுத்தமான ஒலியில்தான் பிழை கேட்கும்.

1977இல் வெளிவந்த 'ப்ளேயிங் த ஃபூல்' என்ற நேரடி ஆல்பத்தில் 'ஆக்டோபஸ்' ஆல்பத்திலிருந்து சில பகுதிகளைக் கோத்து வாசிப்பார்கள். அதன் நடுவே ரே ஷுல்மனும் கேரி கிரீனும் இரண்டு அகௌஸ்டிக் கிட்டார்களில் மட்டும் வாசிக்கும் ஒரு பகுதி வருகிறது. விசைப்பலகை இல்லை, டிரம்ஸ் இல்லை. முழுக் குழு செய்ததை இரண்டு பேர் பன்னிரண்டு தந்திகளில் செய்கிறார்கள். அவனுக்கு அதை அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் இரவு தொலைபேசியில், "நான் மேலே உள்ளதை எடுத்துக்கொள்கிறேன், மாமா. கீழே உள்ளதை நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்" என்றான். அவன் அடுத்த முறை வர ஏழு வாரம் இருக்கிறது. முதல் எட்டு நொடிகளைப் பாதி வேகத்தில் முடித்திருக்கிறேன்.