பைக் டேங்குக்கு வீட்டில் பெயின்ட் அடிக்கும்போது எங்கே கெடுகிறது?

டேங்கைக் கழற்றிப் பெட்ரோலை வடித்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. காலி டேங்கில் தங்கும் பெட்ரோல் ஆவி, நிரம்பிய டேங்கைவிட எளிதில் வெடிக்கும். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் துரு எடுக்கவே கூடாது. ஒரு பொறி போதும். துளைகளை அடைத்துவிட்டு, 120 நம்பர் உப்புத்தாளால் கையாலேயே தேயுங்கள்.

தேய்ப்பதற்கு முன் கழுவுங்கள். பாலிஷ், செயின் ஸ்ப்ரே இவற்றின் சிலிக்கோன் படிந்த டேங்கை அப்படியே தேய்த்தால், அது கீறல்களுக்குள் இறங்கிவிடும். பெயின்ட் பட்ட சில நொடிகளில் மீன் கண்போலக் குட்டிக் குழிகள் விழுவது இதனால்தான். பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவைத்து, மெழுகு நீக்கும் திரவத்தைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். ஈரம் உலருமுன் இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். அதன் பிறகு வெறுங்கை படக்கூடாது.

பள்ளத்தை நிரப்பும் பட்டியில்தான் (புட்டி) நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பள்ளத்துக்கு, இறுகவைக்கும் ஹார்ட்னர் கலக்கும் பட்டிதான் சரி. 100 கிராமுக்கு சுமார் 2 கிராம் ஹார்ட்னர். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாகப் பிதுக்கினால், வெளிர் நிறங்களில் பிறகு மஞ்சள் கறையாக மேலே வரும். டியூபில் வரும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி ஊசித்துளைகளுக்கு மட்டும். கனமாக அப்பினால் அது வாரக்கணக்கில் சுருங்கி, பெயின்ட் காய்ந்த பிறகு பள்ளம் மறுபடி தெரியும். ஹார்ட்னர் பட்டி தண்ணீரை உறிஞ்சும். அதனால் கலருக்கு அடிப்பூச்சான பிரைமர் ஏறும்வரை 120, 220, 320 என்று உலர்வாகவே தேயுங்கள். தாளை ரப்பர் கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள், விரலால் அழுத்தினால் விரல் அகலத்துக்கு வாய்க்கால் விழும். பிரைமர் காய்ந்ததும் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து லேசாகத் தூவி, 400, 600 என்று தேய்த்துப் பாருங்கள். கறுப்பு போகாமல் நிற்கும் இடம் இன்னும் பள்ளம்.

பழைய பெயின்ட்டின் மூலையில் தின்னர் நனைத்த துணியை அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். இளகினாலோ சுருங்கினாலோ அதை முழுக்க உரித்தாக வேண்டும். இல்லையென்றால் புது கோட் விழுந்ததும், சுட்ட அப்பளம்போலக் கொப்பளிக்கும்.

மழை நாளில் என்.சி. பெயின்ட் அடிக்காதீர்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் இறங்கி வெண்படலம் கட்டும். கம்ப்ரசர் டேங்கின் தண்ணீரையும் திறந்துவிடுங்கள். ஸ்ப்ரே கன் 15 முதல் 20 செ.மீ. தூரத்தில், ஒரு வீச்சின் பாதி அடுத்த வீச்சில் மறையும்படி போகட்டும். இரண்டு கோட்டுக்கு நடுவே 10 - 15 நிமிடம் பொறுக்காவிட்டால் அடியில் சிக்கிய தின்னர் கொப்புளமாக வெளியேறும்.

கலருக்கு மேல் அடிக்கும் நிறமற்ற கிளியர் கோட்தான் பெரிய சிக்கல். என்.சி. கிளியர் பெட்ரோல் சொட்டுப் பட்டால் மங்கி இளகும். டேங்குக்கு ஹார்ட்னர் கலக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) கிளியரே தாங்கும். ஆனால் அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கிறது. துணி மாஸ்க், தூசி மாஸ்க் எதுவும் அதைத் தடுக்காது; ஆஸ்துமாவே வரலாம். வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் மாஸ்க் இல்லாமல் வீட்டு ஷெட்டில் அதை அடிக்கவே வேண்டாம். பிரைமர் தேய்ப்போடு நிறுத்திக்கொண்டு, கலரையும் கிளியரையும் ஸ்ப்ரே பூத் (பெயின்ட் அடிக்கும் மூடிய அறை) வைத்திருக்கும் பெயின்டரிடம் கொடுங்கள். எந்த பிரைமர் போட்டீர்கள், எந்த நம்பர் தாளில் முடித்தீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.