இலங்கையின் நிலமும் மழையும்: அடிக்கடி செய்யும் பிழைகள்

"தென்மேல் பருவக்காற்று தீவு முழுவதற்கும் மழை தருகிறது" என்று புவியியல் பரீட்சையில் எழுதினால் அந்த விடையில் மிச்சமெல்லாம் ஆட்டம் காணும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் இந்தக் காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி மேலெழுந்து, ஈரத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது. அந்தச் சரிவிலுள்ள வட்டவளைப் பக்கம் ஆண்டு மழை 5000 மி.மீ.ஐத் தாண்டுவது அதனால்தான். மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அதே காற்று வறண்டு சூடேறிவிடும். மட்டக்களப்பார் கச்சான் என்று அலுத்துக்கொள்வது இதைத்தான்.

இந்திய நூலையும் இலங்கை நூலையும் கலந்து படிப்பவர்கள் மாதங்களில் சறுக்குகிறார்கள். தமிழ்நாட்டுக் கணக்கில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இலங்கைக் கணக்கில் ஒக்டோபர், நவம்பர் இரண்டாம் இடைப்பருவம் (இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம்); வடகீழ் பருவம் டிசம்பரில் தொடங்கி பெப்ரவரியில் முடியும். பெயர்ச்சண்டை அல்ல இது. இடைப்பருவத்தில் பிற்பகல் இடிமழையோடு வங்காள விரிகுடாத் தாழமுக்கங்களும் (காற்றழுத்தத் தாழ்வுகள்) சேர்வதால் மேற்கிலுள்ள கொழும்பும் நனையும், வடக்கிலுள்ள வவுனியாவும் நனையும். நவம்பர் மழையை வடகீழ் காற்றின் கணக்கில் எழுதினால் கொழும்பு மழைக்குக் காரணம் சொல்ல முடியாது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் சூறாவளி வராது என்பதும் பிழை: 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்டது சூறாவளிதான்.

உலர்வலயம் என்றதும் பாலைவனத்தை நினைக்க வேண்டாம். ஆண்டு மழை 1750 மி.மீ.க்குக் குறைவான இடம் என்பதே அதன் வரையறை. அனுராதபுரத்தில் ஏறத்தாழ 1300 மி.மீ. பெய்கிறது, சென்னையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பெரும்பகுதி சில மாதங்களுக்குள் கொட்டிவிட்டு, பிறகு வெயில் நீரை உறிஞ்சுவதுதான் சிக்கல். குளங்கள் அதற்கான விடை.

உயர்ந்த மலை சிவனொளிபாதமலை (2243 மீ.) அல்ல, பீதுருதாலகாலை (2524 மீ.). மகாவலியை (335 கி.மீ.) உலர்வலய ஆறு என்று மட்டும் எழுதாதீர்கள்: ஈரவலய மலையில் பிறந்து, கண்டியைச் சுற்றி, உலர்வலயத்தினூடாகக் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. அந்தப் பாதையால்தான் வறண்ட வயல்களுக்கு அதைத் திருப்ப முடிந்தது.

யாழ்ப்பாணத்தில் பிழை கிணற்றுக்குள்ளேயே போய் நிற்கும். தீவின் பெரும்பகுதி பழைய பளிங்குருப் பாறை. குடாநாடு, புவிவரலாற்றில் அதற்கு வெகுவாகப் பிந்திய மயோசீன் காலச் சுண்ணக்கல். வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறுகூட மழைக்காலத்தில்தான் ஓடும். நன்னீர், வெடிப்புகளில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் இருந்தால் கீழே சுமார் 40 மீட்டர் இருக்கும் என்பது கணக்கு. அதாவது இறைத்து 30 செ.மீ. தாழ்த்தினால் அடியில் 12 மீட்டர் வரை உவர் ஏற இடம் கிடைக்கிறது. "தண்ணீர் குறைகிறது, ஆழமாக்கு" என்பது இங்கே தலைகீழான வைத்தியம். ஆழமாகத் துளைத்து வேகமாக இறைத்தால் உவர்நீர் நேரே கிணற்றை நோக்கிக் கூம்பாக எழும். கொஞ்சம் இறைத்து, ஊற விட்டு, மறுபடி இறைப்பதே பாதுகாப்பு. சுண்ணக்கல் வடிகட்டாது என்பதால், பக்கத்து மலசலகூடக் குழியும் தோட்டத்து யூரியாவும் நைத்திரேற்றாக (நைட்ரேட்) அதே கிணற்றுக்குள் வந்து சேரும்.