கட்டி தட்டினாலே துப்பும் குழந்தைக்கு

மசித்த கேரட்டை ரசித்துச் சாப்பிடும் குழந்தை, அதில் சின்னக் கட்டி ஒன்று தட்டினால் முகத்தைச் சுளித்து, நாக்கால் வெளியே தள்ளிவிடும். பிடிக்காதது பெரும்பாலும் ருசி இல்லை, நாக்கில் படும் விதம்தான். அதனால் ருசியை மாற்றாமல் பதத்தை மட்டும் மாற்றுங்கள். அதே கேரட்டை மிக்ஸியில் அடிப்பதை நிறுத்திவிட்டு முள்கரண்டியால் மசியுங்கள். முதலில் வழக்கமான கூழில் ஒரே ஒரு ஸ்பூன் கலந்தால் போதும். நாலைந்து நாள் கழித்து இரண்டு ஸ்பூன்.

நீர்த்த கூழில் கட்டிகள் மிதப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம். குடிப்பதா மெல்லுவதா என்று நாக்குக்கே குழப்பம். அதைவிட, விரலால் அழுத்தினால் நசுங்கும் அளவு வெந்த உருளைக்கிழங்குத் துண்டைக் கையில் கொடுத்துப் பாருங்கள். பிசையட்டும், முகத்தில் பூசிக்கொள்ளட்டும். சட்டை பாழாகும், அது இருக்கட்டும். கை பழகிய பிறகு வாய் பழகுவது சுலபம்.

ஒரு உணவைப் பத்துத் தடவைக்கு மேல் காட்ட வேண்டி வரலாம். திணிக்க வேண்டாம். அதற்காக கூழிலேயே நிறுத்திவிடவும் வேண்டாம். 9 மாதத்துக்குள் கட்டி பழகுவது நல்லது.

அப்புறம், சத்தத்தோடு குமட்டினால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. சத்தமே இல்லாமல் மூச்சுத் திணறினால்தான் ஆபத்து. சாப்பிடும்போது பக்கத்திலேயே இருங்கள். எடை ஏறவில்லை, ஒவ்வொரு வாய்க்கும் இருமல் என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.