குப்பைக் கிடங்கு நிலத்தடி நீர்: திசை முதலில், தரம் அப்புறம்

குப்பைக் கிடங்கு ஓரம் நிலத்தடி நீரைக் கண்காணிக்கப் புதிதாக இறங்குகிறவர்கள் பலர் நேராக மாதிரி பாட்டிலைத்தான் கையில் எடுக்கிறார்கள். நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியாவிட்டால் ஆய்வுக்கூட அறிக்கை வெறும் எண்கள்தான். குளோரைடு கூடுதலாக வந்தால் அது கிடங்குக் கசிவா, அந்த மண்ணிலேயே உள்ள உப்பா? கிடங்கை நோக்கி நீர் வரும் பக்கத்தில் உள்ள கிணற்றோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும்.

1. கிணறுகள்

திசை அறியக் குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். மூன்றும் ஒரே கோட்டில் இருக்கக் கூடாது. ஒரே நீர்த்தாங்கி அடுக்கில், அதாவது நீர் ஊறி நிற்கும் ஒரே மண் அல்லது பாறை அடுக்கில், நீர் உள்ளே வரும்படி திறந்திருக்க வேண்டும். திசை தெரிந்தபின் மேற்புறம் (கிடங்கை நோக்கி நீர் வரும் பக்கம்) ஒன்றும் கீழ்ப்புறம் (கிடங்கைக் கடந்து நீர் போகும் பக்கம்) மூன்றுமாவது இருக்கும்படி சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டு போர்வெல் இதற்கு உதவாது. பல அடுக்குகளின் நீர் அதில் கலந்துவிடும், மோட்டார் ஓடினால் மட்டமும் இறங்கிவிடும்.

2. நீர்மட்டம்

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். கிணற்றில் அளப்பது ஆழம். நமக்குத் தேவையானது உயரம். குழாய் வாயின் உயரத்திலிருந்து ஆழத்தைக் கழித்தால் அது கிடைக்கும். ஓர் உதாரணம் (உயரங்கள் எல்லாம் ஒரே அடிப்படை மட்டத்திலிருந்து, மீட்டரில்):

அ: குழாய் வாய் 52.40 மீ, நீர் ஆழம் 6.20 மீ, நீர்மட்டம் 46.20
ஆ: 50.90, 5.10, நீர்மட்டம் 45.80
இ: 53.10, 7.10, நீர்மட்டம் 46.00

ஆழத்தை மட்டும் பார்த்தால் நீர் ‘இ’ பக்கம் இறங்குவது போலத் தோன்றும். உண்மையில் தாழ்ந்த மட்டம் ‘ஆ’வில்தான்.

குழாய் வாயின் விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே உயரத்தில் இருக்காது. அதனால் விளிம்பில் ஓரிடத்தில் அரத்தால் சிறு வெட்டு போட்டு, சர்வே அளவையும் ஆழ அளவையும் எப்போதும் அந்த வெட்டிலிருந்தே எடுங்கள். சமதளமான இடத்தில் நீர்மட்டச் சரிவு 100 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர்தான் இருக்கலாம். அங்கே 5 சென்டிமீட்டர் பிசகினாலே ஓட்டத் திசையைக் காட்டும் அம்புக்குறி வேறு பக்கம் திரும்பிவிடும்.

மூடியைத் திறந்ததும் அளக்காதீர்கள். உள்ளே அடைபட்ட காற்று வெளியேறி மட்டம் நிலைக்கட்டும். எல்லாக் கிணறுகளையும் ஒரே நாளில், நீர் இறைக்கும் முன்பே அளந்துவிடுங்கள். நீரைத் தொட்டதும் ஒலி எழுப்பும் மின்நாடாவையே நான் பரிந்துரைப்பேன். கயிற்றில் எடை கட்டி அளப்பது இந்தத் துல்லியத்துக்கு ஆகாது.

3. திசையும் வேகமும்

வரைபடத்தில் அ–ஆ கோட்டில் 46.00 விழும் இடம் சரியாக நடுப்புள்ளி. அதையும் ‘இ’யையும் இணைத்தால் 46.00 சமமட்டக் கோடு கிடைக்கும். அதற்குச் செங்குத்தாக, தாழ்ந்த பக்கம் நோக்கி அம்பு போடுங்கள். அதுதான் ஓட்டத் திசை.

‘அ’விலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்துத் தூரம் 40 மீட்டர் என்றால் சரிவு 0.20 ÷ 40 = 0.005. மணலின் நீர்கடத்துதிறன் (நீரை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்ற அளவு) நாளுக்கு 10 மீட்டர், துளைவிகிதம் (மணலின் கன அளவில் நீர் ஓடும் இடைவெளியின் பங்கு) 0.25 என்று வைத்தால், நீரின் வேகம் 10 × 0.005 ÷ 0.25 = நாளுக்கு 0.2 மீட்டர். வருடத்துக்கு 73 மீட்டர்.

4. மாதிரி

சுத்தமான மேற்புறக் கிணற்றில் தொடங்கி, மாசுள்ள கிணற்றில் முடியுங்கள். குழாயில் தேங்கிய பழைய நீரைப் பிடிக்கக் கூடாது. நிமிடத்துக்கு 0.1 முதல் 0.5 லிட்டர் வரை மெதுவாக இறைத்து, பிஎச், மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன், கலங்கல் நான்கும் நிலைத்தபின் பாட்டிலை நிரப்புங்கள்.

பெய்லர் (கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி நீர் மொள்ளும் குழாய்) விலை குறைவுதான், ஆனாலும் மெதுவாக இறைக்கும் பம்புக்கே என் ஓட்டு. கிணற்றின் அடியில் உள்ள வண்டலை பெய்லர் கலக்கிவிடும். உலோகச் சோதனைக்காக நைட்ரிக் அமிலம் சேர்த்ததும் அந்த மண் துகளிலிருந்து இரும்பும் ஈயமும் கரைந்து, இல்லாத மாசைக் காட்டும். கரைந்த உலோகம் வேண்டுமானால் முதலில் 0.45 மைக்ரான் வடிகட்டி, அப்புறம்தான் அமிலம்.

5. எதைச் சோதிப்பது?

குளோரைடு, அம்மோனியா, காரத்தன்மை, கரிமக் கார்பன், இரும்பு, மாங்கனீசு. குளோரைடு மண்ணில் ஒட்டாமல் நீரோடு நகர்வதால் முன்னறிவிப்பு தரும். அம்மோனியம் (நீரில் அம்மோனியா பெரும்பாலும் இருக்கும் வடிவம்) களிமண்ணில் பிடிபட்டுத் தாமதமாகவே வரும். ஆக வெறும் அம்மோனியா அளவை வைத்துக் கசிவு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

பின்சேர்க்கை: மழைக்குப் பின் அம்பு திரும்பிவிட்டதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். திரும்பக்கூடும். கிடங்குக்கு அடியில் நீர்மட்டம் மேடு போல உயர்ந்தாலோ, அருகில் யாராவது இறைத்தாலோ திசை மாறும். அதனால் ஒவ்வொரு முறை மாதிரி எடுக்கும்போதும் மட்டத்தை அளந்து புது வரைபடம் போடுங்கள். எந்தப் பருவத்திலாவது மேற்புறக் கிணறு கீழ்ப்புறமாகிவிட்டால், அதற்கும் மேலே தள்ளி இன்னொரு கிணறு போட வேண்டியிருக்கும்.